ஆயுத விற்பனையும் எழுத்துக்கூலியும்

எந்த வல்லரசு எந்த நாட்டுக்கு எத்தனை போர்விமானங்களை விற்றது என்ற செய்தி பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்துகளில் வெளிவருகின்றது. அவ்விற்பனையின் பத்திரங்களை எழுதியவனுக்கும், கணக்கை வைத்தவனுக்கும், சரக்கைப் பரிசோதித்து அனுப்பியவனுக்கும் கூலி கொடுத்தவர் யார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. அது எழுதுவினைஞரின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஓர் அரசின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் பிரகடனங்களைப் படிப்பதிலும் பார்க்க அதன் கணக்கேடுகளைப் படிப்பதே மேல். பிரகடனத்தை எவரும் எழுதலாம். கணக்கேடோ எழுதியவனையே காட்டிக் கொடுத்துவிடும்.

உலகத்தின் மிகப் பெரிய ஆயுத வியாபாரி அமெரிக்கா. அந்நாட்டில் ஆயுதம் இரண்டு வழிகளில் வெளிநாடு செல்கின்றது. ஒன்று, கம்பனிகள் அரசின் அனுமதிப் பத்திரம் பெற்று நேரடியாக விற்பது. மற்றது, அரசே அரசுக்கு விற்பது. இந்த இரண்டாவது வழியில், வாங்கும் நாடு அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தானே கம்பனியிடம் கொள்வனவு செய்து, பரிசோதித்து, அனுப்பி, பயிற்சியும் கொடுக்கிறது. 2023 ஆம் நிதியாண்டில் இவ்வழியே நடந்த விற்பனையும் அதனோடிணைந்த உதவிகளும் 8,090 கோடி டொலர். 2024 இல் 11,790 கோடி டொலர். நமது அயல்நாடாகிய இந்தியா 2011 இல் பத்து சி-17 சரக்கு விமானங்களையும், 2024 ஒக்டோபரில் 31 ஆளில்லா விமானங்களையும் வாங்க ஒப்பமிட்டது இவ்வழியிலேதான்.

இந்த மாபெரும் வியாபாரத்தை நடத்த ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர்கள் வேண்டும், அலுவலகங்கள் வேண்டும், கணனிகள் வேண்டும். இச்செலவை யார் ஏற்பது? விற்கும் நாட்டின் வரியிறுப்பாளனா? வாங்கும் நாட்டின் வரியிறுப்பாளனா? இதுவே வழக்கு.

அமெரிக்கச் சட்டம் இவ்வழக்குக்கு விடை சொல்லியிருக்கிறது. 1968 இல் இயற்றப்பட்டு, 1976 இல் திருத்தப்பட்டு, ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று புதுப்பெயர் பெற்ற சட்டத்தின் 21 ஆம் பிரிவு, விற்பனையின் நிருவாகச் செலவு முழுவதும் வாங்குவோரிடமிருந்தே மதிப்பிட்டு அறவிடப்பட வேண்டும் என்கிறது. ஒவ்வொரு கொள்வனவுக்கும் தனித்தனிக் கணக்கல்ல. எல்லோருக்கும் பொதுவாகச் சராசரி வீதம் ஒன்று. கொள்கையளவில் இது நியாயமானது. அயோவாவிலே சோளம் பயிரிடும் கமக்காரன், பாலைவனத்து மன்னர் ஒருவர் விமானம் வாங்குவதற்கு எழுத்துக்கூலி கொடுக்க வேண்டிய கடமை எதுவுமில்லை. இதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் சட்டத்தின் வாசகம் ஒன்று. சட்டம் நடந்த விதம் வேறு.

1970 களின் முற்பகுதியில் எண்ணெய் விலை ஏறியது. பாரசீகக் குடா நாடுகளில் பணம் குவிந்தது. அமெரிக்க அரசுவழி ஆயுத விற்பனை அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஆயிரம் கோடி டொலர் அளவை எட்டியது. வாங்கியவர்களிலே ஈரானிய மன்னர் முன்வரிசையில் நின்றார். அக்காலத்தில் எல்மர் ஸ்டாட்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டிருந்த அமெரிக்கப் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1978 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்புத் திணைக்களம் வெளிநாட்டு ஆயுத விற்பனைக்கு முறைகேடாக மானியம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பது அந்த அறிக்கையின் தலைப்பிலேயே சொல்லப்பட்டது. 1979 இல் அதே குற்றச்சாட்டு மறுபடியும் வந்தது. அறவிட வேண்டிய செலவுகள் அறவிடப்படவில்லை. உலகத்திலே பெருஞ்செல்வம் படைத்த மன்னர்கள் வாங்கிய ஆயுதத்துக்கு, அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த வரி எழுத்துக்கூலியாகச் சென்றது.

பின்னர் வீதம் ஏறியும் இறங்கியும் வந்தது. நெடுங்காலம் நூற்றுக்கு 3 ஆக இருந்த கட்டணம் 1999 ஜூனில் 2.5 ஆகக் குறைக்கப்பட்டது. வருமானம் செலவுக்குக் காணாத நிலை வந்ததும் 2006 ஓகஸ்டில் ஒரே தாவலாக 3.8 ஆக உயர்த்தப்பட்டது. 2012 நவம்பரில் 3.5, 2018 ஜூனில் 3.2. இவ்வளவும் வெறும் எண்கள் என்று வாசகர் தள்ளிவிடக் கூடாது. 2006 க்குப் பின் நடந்ததைப் பாருங்கள்.

2007 ஆம் நிதியாண்டின் தொடக்கத்தில் இந்த நிருவாகக் கணக்கில் இருந்த மீதி 39 கோடி 10 இலட்சம் டொலர். 2017 ஆம் நிதியாண்டின் முடிவில் அதே கணக்கில் இருந்த மீதி 410 கோடி டொலர்! பதினோராண்டில் பத்து மடங்குக்கு மேல். 2018 மே மாதத்தில் கணக்காய்வு அலுவலகமே இதை வெளியிட்டது. கணக்கில் இவ்வளவுக்குக் கீழே மீதி இறங்கக் கூடாது என்று அதிகாரிகள் ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். இவ்வளவுக்கு மேலே ஏறக் கூடாது என்று எல்லை வகுக்கவில்லை. அடித்தளம் போட்டவர்கள் கூரை போட மறந்துவிட்டார்கள். அந்த மேல் எல்லையை வகுக்கும்படி கணக்காய்வாளர்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

இது ஏன் நேர்ந்தது? கட்டணம் வேலையின் அளவுக்கு அறவிடப்படுவதில்லை. பொருளின் விலைக்கு அறவிடப்படுகிறது. நம் நாட்டில் காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசு காணியின் பெறுமதிக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவதை எல்லோரும் அறிவார்கள். பத்துப் பரப்புக் காணிக்கும் ஒரு பரப்புக் காணிக்கும் உறுதி எழுதும் கடதாசி ஒன்றுதான், மையும் ஒன்றுதான். அதுபோலவே 10 கோடி டொலர்க் கொள்வனவுக்கு இன்றைய 3.2 வீதப்படி 32 இலட்சம் டொலர் கட்டணம். 100 கோடி டொலர்க் கொள்வனவுக்கு 3 கோடி 20 இலட்சம். வேலை பத்து மடங்காகிவிட்டதா? ஆகாது. அதுமட்டுமன்று, இக்கட்டணத்தில் பாதி ஒப்பந்தம் அமுலுக்கு வரும்போதே எடுக்கப்படுகிறது, மறுபாதி சரக்கு சேரச் சேர எடுக்கப்படுகிறது. வேலையோ பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு நீளும். விற்பனை பெருகும் காலத்தில் பணம் முன்னே ஓடுகிறது. செலவு பின்னே நொண்டி வருகிறது. நடுவிலே நிதி குவிகிறது.

குவிந்த பணம் யாருடையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது விமானம் வாங்கிய அமைச்சருடையதல்ல. அவருடைய நாட்டில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுத்த ஏழையின் பணம். வைத்தியசாலைக்குக் கட்டில் வாங்க இருந்த பணம். முழுச்செலவை அறவிடு என்று சட்டம் சொன்னது. செலவுக்கு மேலே அறவிட்டுப் பேழையிலே பூட்டிவை என்று சொல்லவில்லை.

சரி, எல்லாச் செலவும் உண்மையில் அறவிடப்படுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. சீருடை அணிந்த படையினர் இவ்விற்பனைக்காக வேலை செய்தாலும் அவர்களின் சம்பளம் இக்கணக்கில் சேர்வதில்லை. படைத்தளங்களின் நிலையான செலவிலே ஒரு பங்கும் சேர்வதில்லை. இவற்றைச் சட்டமே விலக்கியிருக்கிறது. இன்னும் பெரியது ஒன்று உண்டு. ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடிக்கவும் உருவாக்கவும் அமெரிக்க மக்கள் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கை வாங்குவோரும் ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் விற்பனை கைநழுவிவிடும் என்று கருதினால் அப்பங்கைத் தள்ளிவிடலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வாசலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 2012 முதல் 2017 வரை கேட்கப்பட்ட விலக்குகளில் ஏறத்தாழ அனைத்தும் கொடுக்கப்பட்டன. தள்ளிவிடப்பட்ட தொகை ஏறத்தாழ 1,600 கோடி டொலர். கம்பனிகள் நேரடியாக விற்கும் ஆயுதத்துக்கு இப்பங்கே வேண்டாம் என்று 1992 இலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

மற்றுமொரு விசித்திரம் உண்டு. எகிப்துக்கு அமெரிக்கா நெடுங்காலமாக ஆண்டுதோறும் 130 கோடி டொலர் இராணுவ உதவியை இனாமாக ஒதுக்கி வந்திருக்கிறது. அந்த இனாம் பணத்தைக் கொண்டு வாங்கும் ஆயுதத்துக்கும் நிருவாகக் கட்டணம் உண்டு. வாங்குவோர் கட்டணம் கொடுக்கிறார்கள் என்று ஏட்டில் எழுதப்படும். கொடுத்த பணமோ அமெரிக்க வரியிறுப்பாளனின் பணம். வலது மடியிலிருந்து எடுத்து இடது மடியிலே முடிந்துகொண்டு, வியாபாரம் தன் செலவைத் தானே தாங்குகிறது என்று சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

ஆக, ஒரு காலத்தில் குறைவாக அறவிட்டு விற்கும் நாட்டு மக்களுக்கு அநீதி செய்தார்கள். மற்றொரு காலத்தில் கூடுதலாக அறவிட்டு வாங்கும் நாட்டு மக்களுக்கு அநீதி செய்தார்கள். இவ்விரண்டிலும் பார்க்கப் பெரிய அநீதி ஒன்று அச்சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டுவதே எமது நோக்கம்.

அச்சட்டத்தின் முதற்பிரிவைப் படித்துப் பாருங்கள். போர்க்கருவிகளின் சர்வதேச வியாபாரத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளுக்கு அமெரிக்கா உலகில் தலைமை தாங்க வேண்டும் என்பதே நாட்டின் கொள்கை என்று அது கூறுகிறது. அப்படியே இருபதாம் பிரிவைத் தாண்டி வாருங்கள். அக்கொள்கையை நிறைவேற்ற வேண்டிய உத்தியோகத்தர்களின் அலுவலகம் அந்த வியாபாரத்தின் மீது விழும் வீதத்திலே வாழும்படி 21 ஆம் பிரிவு செய்திருக்கிறது. விற்பனை கூடினால் நிதி கூடும். விற்பனை குறைந்தால் நிதி குறையும். காங்கிரஸ் சபை ஆண்டுதோறும் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஊற்று எங்கேயிருந்து வருகிறது என்பதை உச்சவரம்பு மாற்றிவிடாது. குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, குறைத்தால் உன் அலுவலகத்துக்கு நிதி வராது என்றும் சொன்னால், எந்த உத்தியோகத்தன் எதைச் செய்வான்? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்ற பழமொழி இவர்களுக்காகவே பிறந்தது போலும்.

இது உத்தியோகத்தர்களின் நேர்மையைப் பழிக்கும் வார்த்தையன்று. நேர்மையானவனையும் சோதனைக்குள்ளாக்கும் ஏற்பாடு சட்டத்துக்கே இழுக்கு என்பதை அமெரிக்க உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1927 இல் டூமி எதிர் ஒகாயோ என்ற வழக்கில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். மதுவிலக்குக் காலத்தில் ஒகாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மேயர் நீதிபதியாகவும் அமர்ந்து தண்டம் விதித்தார். குற்றவாளியென்று தீர்த்தால் அவருக்கு வழக்குச் செலவில் 12 டொலர் கிடைக்கும். விடுதலை செய்தால் எதுவும் கிடைக்காது. பிரதம நீதியரசர் டாஃப்ட், அப்படிப்பட்ட மன்றத்தில் நீதியான விசாரணை கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்று தீர்த்தார். அந்த மேயர் அநியாயம் செய்தார் என்பது தீர்ப்பின் அடிப்படையன்று. தீர்ப்பின் பலனிலே அவருக்குப் பங்கு இருந்தது என்பதே போதுமாயிற்று.

பன்னிரண்டு டொலருக்காக ஒரு தீர்ப்பையே தள்ளிய நாடு, பல நூறு கோடி டொலருக்கு அதே நியாயத்தைப் பிரயோகிக்கத் தயங்குவதேன்? ஓர் ஆயுதம் விற்கத் தக்கதா, வாங்குவோன் அதை யார்மீது பிரயோகிப்பான் என்று தீர்மானிப்பதும் ஒருவகைத் தீர்ப்பே. மேயரின் தீர்ப்பினால் ஒருவன் தண்டம் கட்டினான். இந்தத் தீர்ப்பினால் ஊர்கள் எரிகின்றன.

இது மிகைப்படுத்திய பேச்சென்று எண்ணுவோர் யேமன் நாட்டைப் பார்க்கட்டும். 2015 முதல் சவூதி அரேபியாவின் தலைமையிலான கூட்டுப்படை அந்நாட்டின்மீது குண்டு வீசியது. சந்தையும் வைத்தியசாலையும் மணவீடும் தப்பவில்லை. 2015 முதல் 2021 வரையான நிதியாண்டுகளில் சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் நிருவகித்த இராணுவ உதவியும் விற்பனையும் குறைந்தது 5,460 கோடி டொலர் என்று கணக்காய்வு அலுவலகம் 2022 ஜூனில் தெரிவித்தது. அந்த ஆயுதங்கள் அனுமதியற்ற விதத்தில் பிரயோகிக்கப்பட்டிருக்கக்கூடிய சம்பவம் எதையும் விசாரித்ததற்கு அதிகாரிகளால் சான்று காட்ட முடியவில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. விற்ற ஆயுதம் எங்கே போகிறது, எப்படிப் பிரயோகிக்கப்படுகிறது என்று கண்காணிக்க வேண்டுமென 1996 முதல் சட்டம் கட்டளையிடுகிறது. அக்கண்காணிப்பின் செலவும் இந்த நிருவாகக் கட்டணத்திலிருந்தே வருகிறது. 2017 இல் பேழையிலே 410 கோடி டொலர் இருந்தது. பணம் இல்லாததால் விசாரிக்கவில்லை என்று சொல்வதற்கு இடமேயில்லை. எழுத்துக்கூலி வாங்கப்பட்டது, எழுத வேண்டியது எழுதப்படவில்லை.

வாங்குவோர் செலுத்தும் பணம் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கனமான பொருள் உண்டு. 1979 இல் ஈரானில் புரட்சி வெடித்து மன்னர் ஓடியபோது அந்நாட்டின் பணம் இந்நிதியத்தில் இருந்தது. சரக்கும் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. 1981 இல் ஏற்பட்ட அல்ஜியர்ஸ் உடன்படிக்கையின்படி ஹேக் நகரில் அமைந்த நியாயசபையில் அந்த வழக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்தது. 2016 ஜனவரியில் 40 கோடி டொலர் முதலையும், ஏறத்தாழ 130 கோடி டொலர் வட்டியையும் கொடுக்க அமெரிக்கா இணங்கியது. ஈரானிய ஆட்சியாளரின் குணநலன்களைப் பற்றி எமக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆயினும் பிறர் பணத்தைப் பொறுப்பேற்றவன் ஒருநாள் கணக்குச் சொல்லியே தீர வேண்டும் என்பதை அந்த வழக்கு உலகத்துக்கு உணர்த்தியது.

பிரித்தானியாவும் இவ்விஷயத்தில் சுத்தமான கையுடன் நிற்கவில்லை. ஆயுத விற்பனைக்கென்றே ஓர் அரசாங்க அமைப்பை 1966 இல் நிறுவிய நாடு அது. 1985 இல் சவூதி அரேபியாவோடு செய்த அல் யமாமா ஒப்பந்தத்தை நடத்தும் பிரித்தானிய அரசாங்க ஊழியர்களின் செலவைச் சவூதி அரசே கொடுத்து வந்தது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி 1992 இல் முடிக்கப்பட்ட தேசியக் கணக்காய்வு அறிக்கை வெளியிடப்படவேயில்லை. ஊழல் விசாரணையோ 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. வாங்குவோன் சம்பளம் கொடுக்கும் ஊழியன், வாங்குவோனின் கணக்கை மறைக்கும் அரசு! கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும் என்று அஞ்சினார்கள் போலும்.

கட்டணமே வேண்டாம் என்பதா எமது வாதம்? இல்லவே இல்லை. ஆயுதம் வாங்குவோன் முழுச் செலவையும் கொடுக்கட்டும்; மலிவான ஆயுதம் உலகத்துக்குத் தேவையில்லை. நாம் கேட்பது நான்கு.

முதலாவது, கட்டணம் விலைக்கன்றி வேலைக்கு அறவிடப்பட வேண்டும். சட்டத்தரணியும் வைத்தியனும் இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று சிட்டை எழுதும்போது ஒரு வல்லரசால் ஏன் முடியாது?

இரண்டாவது, அறவிட்ட பணம் பொதுத் திறைசேரிக்குப் போக வேண்டும். அலுவலகத்துக்குத் தேவையான பணம் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கினால் திறைசேரியிலிருந்து வர வேண்டும். நீதிமன்றக் கட்டணம் அரசுக்குச் செல்கிறது. அதற்காக வழக்குகள் பெருகினால் நீதிபதியின் சம்பளம் பெருகுவதில்லை. வரியிறுப்பாளனுக்கு இதனால் ஒரு சதமும் நட்டமில்லை. உத்தியோகத்தனுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள முடிச்சு மாத்திரம் அவிழும்.

மூன்றாவது, விற்ற ஆயுதத்தைக் கண்காணிப்பவர்கள் விற்பவர்களின் கீழ் இருக்கலாகாது. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி பிறப்பித்த கட்டளை, வெளிநாட்டு விற்பனையை விரைவுபடுத்துவதையே தன் முதல் நோக்கமாகக் கொண்டது. வேகம் கூடக் கூடக் காவலும் கூட வேண்டும்.

நான்காவது, செலவுக்கு மேல் அறவிட்ட மீதி கொடுத்தவர்களுக்குத் திரும்ப வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் இரு நாட்டு மக்களுக்கும் விளங்கும்படி வெளியிடப்பட வேண்டும். வாங்கும் நாட்டு மக்களுக்கும் என்று அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில் ஆயுதம் வாங்கும் அரசுகள் தம் மக்களுக்கு விலையையே சொல்வதில்லை. கட்டணத்தையா சொல்லப் போகின்றன?

எங்கேயோ இருக்கும் அமெரிக்காவின் மூன்று வீதக் கட்டணத்தைப் பற்றி இச்சிறு தீவின் தமிழ்ப் பத்திரிகை ஏன் இத்தனை பத்தி எழுதுகிறது என்று சிலர் கேட்கலாம். விற்பனைக் கணக்கிலே ஓர் ஆயுதம் ஒரு வரி. அது வந்து சேரும் ஊரிலே அதற்குக் கணக்கு வேறு. போரின் விலையைத் தம் முற்றங்களிலே அறிந்த மக்களுக்கு, அவ்விலைச் சிட்டையின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் உரிமை உண்டு. எழுத்துக்கூலி என்ற கடைசிச் சின்ன வரியையும் சேர்த்தே அவர்கள் வாசிக்கட்டும்.